மரத்தூளில் கரி, கரியில் சாயம்: பயோசார் செய்து சாயநீரைத் தெளியவைக்கும் முறை

மரத்தூளையும் சிலாம்புகளையும் காற்றுப் படாமல் சுட்டால் கிடைக்கும் கரிதான் பயோசார். நீரில் கரைந்திருக்கும் சாயத்தை இது தன் நுண்துளைகளின் சுவர்களில் ஒட்டவைத்துக்கொள்ளும். செலவு குறைவு, கருவிகள் எளியவை. ஆனால் முதல்முறை செய்பவர்களில் பலர் கரியை அருமையாகச் சுட்டுவிட்டு, அந்தக் கரியால் பிடிக்கவே முடியாத சாயத்தில் போட்டுவிட்டு, 'இது வேலைக்காகாது' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கரிக்கு எல்லாச் சாயமும் ஒன்றல்ல. எனவே அடுப்பைப் பற்றவைக்கும் முன் கையில் இருக்கும் சாயம் எந்த வகை என்று பாருங்கள்.

முதலில் சாயத்தை அடையாளம் காணுங்கள்

நீரில் கரையும் சாயங்களை நம் தேவைக்கு இரண்டாகப் பிரித்தால் போதும்: நேர்மின்னேற்றம் கொண்டவை, எதிர்மின்னேற்றம் கொண்டவை. மெத்திலீன் புளூ, மலக்கைட் கிரீன், கிரிஸ்டல் வயலட், ரோடமின் பி ஆகியவை முதல் வகை. கடைக்காரர்கள் 'பேசிக்' சாயம் என்பார்கள். பனையோலை, கோரை, தென்னைநார் போன்றவற்றுக்கு நிறமேற்றப் பொட்டலமாக விற்கும் பளிச்சென்ற சாயங்களில் பல இந்த வகைதான். ஆசிட், டைரக்ட், ரியாக்டிவ் சாயங்கள் இரண்டாம் வகை. திருப்பூரில் பருத்திப் பனியன் துணிக்கு ஏறுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம்.

சாதாரண மரக்கரியின் மேற்பரப்பு, நடுநிலை நீரிலும் காரநீரிலும் பொதுவாக எதிர்மின்னேற்றம் கொண்டிருக்கும். ஆகவே பேசிக் சாயத்தைச் சட்டென்று பிடிக்கும். ரியாக்டிவ் சாயத்தைத் தள்ளிவிடும். மூலக்கூறின் பருமனும் ஒரு காரணம். மெத்திலீன் புளூவின் மூலக்கூறு எடை சுமார் 320. ரியாக்டிவ் பிளாக் 5 என்ற கருப்புச் சாயத்துக்குச் சுமார் 990. மரக்கரியின் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறுகியவை. சின்னது உள்ளே போய்விடும், பெரியது வாசலிலேயே நிற்கும்.

பெயர்ச்சீட்டு இல்லாத சாயம் என்றால் ஒரு சோதனை: அக்ரிலிக் பின்னல் நூலில் ஒரு சாண் எடுத்து, நீர்த்த சாயக் கரைசலில் இரண்டு சொட்டு வினிகரோடு போட்டு 15 நிமிடம் கொதிக்கவிட்டு அலசுங்கள். நூலில் நிறம் அழுத்தமாக ஏறி, அலசியும் போகவில்லை என்றால் பேசிக் சாயம். நூல் ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தால் எதிர்மின்னேற்ற வகை.

புதிதாகத் தொடங்குபவர்கள் மெத்திலீன் புளூவில் பழகுவது நல்லது. வண்ணமீன் கடைகளில் கரைசலாகவே கிடைக்கும். புட்டியில் 1 சதவீதம் என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 10 கிராம் என்று பொருள். அதில் 5 மில்லியை 1 லிட்டராக்கினால் லிட்டருக்கு 50 மில்லிகிராம். கடைக்குக் கடை செறிவு மாறும், சீட்டைப் பார்த்துக் கணக்கிடுங்கள். கையுறை கட்டாயம்; கையில் பட்டால் இரண்டு மூன்று நாளைக்குப் போகாது.

மரம்

மர அறுவை மில்லின் தூள், தச்சுப் பட்டறையின் இழைப்புச் சுருள், சீமைக்கருவேலச் சிலாம்பு எல்லாம் சரிதான். பிளைவுட், எம்.டி.எஃப்., பெயின்ட் அல்லது வார்னிஷ் பூசிய மரம், பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தேற்றிய பழைய கம்பங்கள் ஆகியவற்றைத் தொடாதீர்கள். பசையும் பூச்சும் நச்சுப் புகை தரும். மருந்தேற்றிய மரத்தில் ஆர்செனிக், குரோமியம், செம்பு இருக்கலாம். அவை சாம்பலோடு கரியில் தங்கி, நீங்கள் சுத்தம் செய்யப்போகும் நீரிலேயே கரையும். தச்சுப் பட்டறையில் எல்லாத் தூளும் ஒரே மூட்டையில்தான் விழும் என்பதால், நல்ல மரம் மட்டும் அறுக்கும் மில்லில் வாங்குவதே நிம்மதி.

ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். மெல்லியதாகப் பரப்பி வெயிலில் காயவைத்து, தினமும் ஒரே தட்டை எடைபோடுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. ஈரமரத்தைச் சுட்டால் விறகெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகி, டப்பா சூடேறாமல் கரி பழுப்பாக நின்றுவிடும்.

சுடுதல்

தேவையானவை: நன்றாக மூடும் 1 லிட்டர் இரும்பு டப்பா, அதை வைக்க ஒரு பழைய டிரம் அல்லது செங்கல் அடுப்பு, விறகு, கொஞ்சம் களிமண். டப்பா புதிது என்றால் முதலில் வெறுமையாகத் தீயில் போட்டு அதன் பூச்சை எரித்துவிடுங்கள். மூடியில் 2 முதல் 3 மில்லிமீட்டரில் மூன்று துளைகள் போதும். துளையே போடாவிட்டால் வாயு அழுத்தத்தில் மூடி தெறிக்கும். பெரிதாகப் போட்டால் காற்று நுழைந்து கரி சாம்பலாகும்.

சிலாம்பு என்றால் 1 முதல் 2 சென்டிமீட்டர் துண்டுகளாக டப்பா நிறையப் போடுங்கள். தூளில் ஒரு சிக்கல் உண்டு. அது அடர்ந்து படிவதால் வெப்பம் நடுவுக்குப் போகாது. ஓரம் கரியாகும்போது நடு பழுப்பு மரமாகவே இருக்கும். தூளைச் சுட ஒல்லியான டப்பாக்கள்தான் ஏற்றவை. பெரிய டின்னில்தான் சுடவேண்டும் என்றால் பாதிக்குப் பாதி சிலாம்பு கலந்து விடுங்கள்.

இதைத் திறந்த வெளியில், காற்று வரும் பக்கமாக நின்று மட்டுமே செய்யுங்கள். வெளிவரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு உண்டு. மணம் கிடையாது, மூடிய கொட்டகையில் ஆளையே சாய்த்துவிடும்.

தீ மூட்டியதும் துளைகளில் முதலில் வெள்ளை ஆவி வரும், அது நீர். பிறகு மஞ்சள் கலந்த கனத்த புகை. கொஞ்ச நேரத்தில் அந்தப் புகையே துளைவாயில் தீப்பற்றி, சிறு நாக்குகளாக எரியும். நாக்குகள் சுருங்கி அணையும்போது மரத்தின் எளிதில் ஆவியாகும் பகுதி பெரும்பாலும் போய்விட்டது என்று அர்த்தம். அவசரக்காரர்கள் இங்கேதான் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள், இன்னும் 45 நிமிடம் முதல் 1 மணி நேரம் அதே சூட்டை வைத்திருங்கள். நுண்துளைகள் திறப்பதும், துளைகளை அடைத்த தார் வெளியேறுவதும் இந்த நேரத்தில்தான்.

சூடு 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும். கே வகை தெர்மோகப்பிள் (அதிக வெப்பத்தை அளக்கும் கம்பி) விலை அதிகமில்லை, வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தி மங்கியபின் சுட்டு இரும்பின் நிறத்தைப் பாருங்கள். இருட்டில் மங்கிய சிவப்பு கண்ணுக்குத் தெரியத் தொடங்குவது 525 டிகிரி வாக்கில். அந்தச் சிவப்பு சற்றுத் தெளிவானால் நாம் கேட்கும் சூடு வந்துவிட்டது. 400 டிகிரியில் நிறுத்தினால் கரி அதிகம் கிடைக்கும், ஆனால் சாயம் ஒட்டும் துளைச்சுவர்களின் பரப்பு குறைவு. 700-க்கு ஏற்றினால் பரப்பு கூடும், அளவு குறையும், விறகும் டப்பாவும் போகும்.

கல்லூரி ஆய்வகத்தில் மஃபிள் உலை (மூடிய மின்சூளை) இருந்தால், மூடியிட்ட பீங்கான் மூசையில் (சூடு தாங்கும் கிண்ணத்தில்) தூளை விளிம்பு வரை அழுத்தி நிரப்பி, நிமிடத்துக்கு 5 முதல் 10 டிகிரி ஏற்றி, 600-ல் 1 மணி நேரம் நிறுத்துங்கள். மஃபிள் உலைக்குள் காற்று இருக்கிறது என்பதை மறந்து மூசையைப் பாதி நிரப்பினால் மேல்பாதி சாம்பலாகத்தான் கிடைக்கும்.

முடிந்ததும் துளைகளைக் களிமண்ணால் அடைத்து இரவு முழுதும் ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் கரி கண்ணெதிரே கனன்று பிடிக்கும். ஆறிவிட்டதாகத் தோன்றும் கரிகூட உள்ளே கனல் வைத்திருக்கும். வெளியே எடுத்ததும் உலர்ந்த எடையைக் குறித்துக்கொண்டு, நீர் தெளித்து, முதல் நாள் உலோகப் பாத்திரத்தில், எரியும் பொருள்களிலிருந்து தள்ளி வையுங்கள்.

குறித்த எடையைப் பாருங்கள். 1 கிலோ காய்ந்த மரத்துக்கு 250 முதல் 300 கிராம் கரி வந்தால் சரி. 400 கிராமைத் தாண்டினால் வேகவில்லை, மறுபடி சுடலாம். 150 கிராமுக்குக் கீழே என்றால் எங்கோ காற்று புகுந்திருக்கிறது, மூடியைப் பாருங்கள். நல்ல கரித்துண்டு உடைக்கும்போது 'டிக்' என்று ஒடியும், உள்ளே பழுப்பு இருக்காது, எண்ணெய்ப் பிசுக்கோ புகைநாற்றமோ இருக்காது.

பொடித்தல், கழுவுதல்

கரியை லேசாக நனைத்து உரலில் இடியுங்கள். உலர்ந்து இடித்தால் தூசு நுரையீரலுக்குப் போகும். முகக்கவசம் போடுங்கள். சலித்து இரண்டாகப் பிரியுங்கள்: 0.5 முதல் 1 மில்லிமீட்டர் வரையுள்ள குறுணை, குழாய்ப் படுகைக்கு, 0.15 மில்லிமீட்டருக்கும் நுண்ணிய பொடி, புட்டிச் சோதனைக்கு. பொடி வேகமாகப் பிடிக்கும், ஆனால் நீரிலிருந்து பிரித்தெடுப்பது தொல்லை.

மரக்கரியில் சாம்பல் இருக்கும், சாம்பல் காரம். கழுவாத கரியை நீரில் போட்டால் பி.எச். (அமில-கார அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 9, 10 என்று ஏறிவிடும். 50 கிராம் கரிக்கு 1 லிட்டர் நீர் ஊற்றி அரைமணி கலக்கி வடிப்பதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள், வடிநீரின் பி.எச். 8 வாக்கில் நின்றுவிட்டால் போதும். ஆய்வகத்தில் என்றால் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 2 மணி நேரம் ஊறவைத்து, பிறகு நீரில் அலசலாம். வடிநீர் மஞ்சளாகவோ தேநீர் நிறத்திலோ வந்தால் கரியில் தார் மிச்சம் இருக்கிறது. அதைக் கழுவிக்கொண்டிருப்பதைவிட மறுபடி 600 டிகிரியில் சுடுவது மேல். கழுவியதை 105 டிகிரியில் ஓர் இரவு உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில் போடுங்கள். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்து எடைக் கணக்கைக் கெடுக்கும்.

கரியின் பரப்பைக் கூட்ட வேண்டுமானால் வேதியூட்டல் இருக்கிறது. வெறுமனே 600 டிகிரியில் சுட்ட மரக்கரியின் பரப்பு கிராமுக்குச் சில நூறு சதுர மீட்டர் வரை போகும். பாஸ்பாரிக் அமிலமிட்டுச் சுட்டால் ஆயிரத்தைத் தாண்டலாம். இங்கே நிறையப் பேர் தடுமாறுவது வரிசையில். பாஸ்பாரிக் அமிலம் வேலை செய்வது இன்னும் சுடாத மரத்தூளில், கரியில் அல்ல. 1 பங்கு தூளுக்கு எடையில் 1 முதல் 2 பங்கு அமிலம், ஓர் இரவு ஊறல், 110 டிகிரியில் உலர்த்தல், மூடிய மூசையில் 450 முதல் 500 டிகிரியில் 1 மணி நேரம், பிறகு அமிலம் போகும்வரை வெந்நீரில் கழுவல். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு முறை இதற்கு நேர்மாறு: அதைக் கரியில்தான் கலப்பார்கள், 700 டிகிரிக்கு மேல் சுடுவார்கள், அது மூசையையே அரிக்கும். வீட்டு அடுப்பில் இந்த இரண்டையுமே முயலவேண்டாம்.

புட்டிச் சோதனை

ஐந்து புட்டிகள். ஒவ்வொன்றிலும் லிட்டருக்கு 50 மில்லிகிராம் உள்ள மெத்திலீன் புளூ கரைசல் 100 மில்லி. கரி முறையே 0, 0.05, 0.1, 0.2, 0.4 கிராம். ஆறாவது புட்டியில் சாயமில்லாத வெறும் நீரும் 0.2 கிராம் கரியும்; கரியே நீருக்கு நிறம் விடுகிறதா என்று பார்க்க. 24 மணி நேரம் குலுக்கியில் வையுங்கள். இல்லையென்றால் மணிக்கொரு தரம் கையால் குலுக்குங்கள், இரவு படியவிடுங்கள்.

கரி போடாத புட்டியைச் சிலர் வீண் என்று விட்டுவிடுவார்கள். மெத்திலீன் புளூ கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டும். எவ்வளவு ஒட்டியது என்று அந்தப் புட்டிதான் சொல்லும். வடிதாளோ இன்னும் மோசம். தாள் செல்லுலோஸ் என்பதால் சாயத்தைத் தானே உறிஞ்சிவிடும். கரியே போடாத கரைசலை வடித்தாலும் வெளுத்து வரும். ஆகவே வடிக்காதீர்கள். மையவிலக்கியில் சுற்றுங்கள், அல்லது படியவிட்டு மேல்நீரைப் பிப்பெட்டில் எடுங்கள்.

நிறமானி இருந்தால் 664 நானோமீட்டரில் அளக்கவேண்டும். 0.5, 1, 2, 3, 4, 5 மில்லிகிராம் செறிவுகளில் அளவுக் கோடு போடுங்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள மாதிரியை நீர்த்துத்தான் அளக்கவேண்டும்; அதற்கு மேலே போகப்போகக் கோடு வளையும். நிறமானி இல்லாவிட்டால் 10, 5, 2.5, 1.25, 0.6 என்று பாதி பாதியாக நீர்த்த கரைசல்களை ஒரே அளவுக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, வெள்ளைத்தாள் முன் வைத்து மாதிரியை ஒப்பிடுங்கள். நிறம் எந்த இரண்டுக்கும் இடையில் என்று சொல்லிவிடலாம். பயிற்சிக்கு அது போதும்.

ஒரு கிராம் கரி எவ்வளவு மில்லிகிராம் சாயத்தைப் பிடித்தது என்பதைப் பிடிப்பளவு என்று வைத்துக்கொள்வோம். தொடக்கச் செறிவிலிருந்து மிச்சச் செறிவைக் கழித்து, நீரின் அளவால் (லிட்டரில்) பெருக்கி, கரியின் எடையால் வகுத்தால் கிடைக்கும். கணக்குக்காகச் சில எண்கள்: 0.05 கிராம் போட்ட புட்டியில் மிச்சம் 29, பிடிப்பளவு 42. 0.1 கிராமில் மிச்சம் 12, பிடிப்பளவு 38. 0.2 கிராமில் மிச்சம் 2.5, பிடிப்பளவு 23.75. 0.4 கிராமில் மிச்சம் 0.8, பிடிப்பளவு 12.3.

கரியைக் கூட்டக்கூட நீர் தெளிகிறது, ஆனால் ஒவ்வொரு கிராமும் பிடிப்பது குறைகிறது. ஆய்வறிக்கைகளில் '99 சதவீதம் நீக்கம்' என்று மட்டும் எழுதியிருந்தால் எவ்வளவு கரி கொட்டினார்கள் என்று தேடுங்கள். மிச்சச் செறிவைப் பிடிப்பளவால் வகுத்து, அதை மிச்சச் செறிவுக்கு எதிரே வரைந்தால் கோடு ஏறக்குறைய நேராக வரும். 1918-ல் அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் வகுத்த சமன்பாடு இது; கோட்டின் சாய்வைத் தலைகீழாக்கினால் கரியின் உச்சப் பிடிப்பளவு கிடைக்கும். மேலுள்ள எண்களுக்கு அது கிராமுக்கு 45 மில்லிகிராம் வாக்கில் வரும்.

அந்த உச்ச எண்ணை நம்பி வாளிக்குக் கரி போடுவதுதான் அடுத்த தவறு. 20 லிட்டர் நீரை 50-லிருந்து 2.5-க்குக் கொண்டுவர வேண்டும் என்போம். நீக்கவேண்டியது 950 மில்லிகிராம். 45-ஆல் வகுத்தால் 21 கிராம் கரி போதும் என்று தோன்றும், போதாது. நீர் தெளியத்தெளியக் கரியின் பிடியும் தளர்வதால், 2.5-ல் உள்ள பிடிப்பளவான 23.75-ஆல்தான் வகுக்கவேண்டும்: 40 கிராம்.

இதையே இரண்டு தடவையாகச் செய்து பாருங்கள். முதலில் 20 கிராம் போட்டால் 50 என்பது 12-க்கு வரும். கரியை நீக்கிவிட்டுப் புதுக்கரி போடுங்கள். இப்போது நீக்கவேண்டியது 20 லிட்டரில் 190 மில்லிகிராம், 23.75-ஆல் வகுத்தால் 8 கிராம். மொத்தம் 28 கிராமில் அதே தெளிவு, 12 கிராம் மிச்சம். இரண்டாம் தடவை போட்ட கரி இன்னும் நிறையப் பிடிக்கும் என்பதால், அதை அடுத்த வாளியின் முதல் தடவைக்குப் போட்டால் இன்னும் மிச்சமாகும்.

எவ்வளவு நேரம் கலக்குவது என்று அறிய 5, 15, 30, 60, 120, 240 நிமிடங்களிலும் 24 மணி நேரத்திலும் 2 மில்லி எடுத்து அளந்தால் போதும். பொடியில் முதல் 1 மணி நேரத்திலேயே பெரும்பகுதி முடிந்துவிடும், குறுணையில் இழுக்கும்.

நிறம் போனதெல்லாம் கரியின் வேலை அல்ல

கிரிஸ்டல் வயலட்டும் மலக்கைட் கிரீனும் காரநீரில் தாமாகவே வெளுக்கும். கழுவாத, சாம்பல் நிறைந்த கரியைப் போட்டால் பி.எச். ஏறி, கரி எதையும் பிடிக்காமலேயே நீர் தெளிந்துவிடும். சோதிக்க, அதே பி.எச். அளவுக்குச் சோடா ஆஷ் மட்டும் போட்டு, கரி போடாத ஒரு புட்டியை வையுங்கள். அதுவும் வெளுத்தால் உங்கள் எண்கள் பொய். காங்கோ ரெட் அமிலத்தில் நீலமாகும். 'சிவப்பு போய்விட்டது' என்று மகிழாதீர்கள். எந்தச் சாயமானாலும் தொடக்கத்திலும் முடிவிலும் பி.எச். குறித்துவையுங்கள்.

கரி எந்தப் பி.எச்.-ல் மின்னேற்றம் மாறுகிறது என்பதையும் கண்டுபிடித்துவிடலாம். லிட்டருக்கு 0.58 கிராம் சாப்பாட்டு உப்புக் கரைசலை 50 மில்லி வீதம் 3, 5, 7, 9, 11 என்ற பி.எச். அளவுகளில் வைத்து, ஒவ்வொன்றிலும் 0.15 கிராம் கரி போட்டு 24 மணி நேரம் கழித்து அளங்கள். தொடக்கமும் முடிவும் எங்கே ஒன்றாக நிற்கிறதோ அதுதான் நடுநிலைப் புள்ளி. அதற்கு மேலே பேசிக் சாயம் நன்றாகப் பிடிக்கும், கீழே எதிர்மின்னேற்றச் சாயம்.

குழாய்ப் படுகை

தொடர்ந்து நீர் விடவேண்டுமானால் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள பி.வி.சி. குழாய், 60 சென்டிமீட்டர் நீளம். அடியில் வலை, 5 சென்டிமீட்டர் சிறுகல், 5 சென்டிமீட்டர் கழுவிய மணல், 30 சென்டிமீட்டர் கரிக்குறுணை, மேலே 5 சென்டிமீட்டர் மணல். கரி இருக்கும் இடம் சுமார் 590 மில்லி. நீர் அதற்குள் 20 நிமிடமாவது தங்கவேண்டும் என்றால் நிமிடத்துக்கு 30 மில்லிக்கு மேல் விடக்கூடாது; அதாவது மணிக்கு 2 லிட்டர்கூட இல்லை. மெதுவாகத்தான் தோன்றும். குழாயைத் திறந்துவிட்டு வேகமாக ஓடவிட்டால் முதல் சொட்டிலேயே நிறம் வரும்.

உலர்ந்த கரியை நேராகக் கொட்டினால் மிதக்கும், துளைகளில் காற்று அடைத்துக்கொள்ளும். அரைமணி நீரில் கொதிக்கவைத்து, ஆறியபின் குழாயில் நீர் இருக்கும்போதே கூழாக ஊற்றிப் படியவிடுங்கள். அதன்பின் நீர்மட்டம் எப்போதும் கரிக்கு மேலேயே நிற்கவேண்டும். வெளிக்குழாயை வளைத்து உயர்த்தி வைத்தால் தானாக நிற்கும். ஒருமுறை வடிந்து காய்ந்தால் படுகையில் வாய்க்கால் விழுந்துவிடும், நீர் அந்த வழியாகவே ஓடி, பக்கத்துக் கரி வேலையின்றிக் கிடக்கும். பொடி கலந்திருந்தால் சில மணி நேரத்தில் அடைக்கும். ஆகவே சலிப்பதில் சோம்பல் கூடாது.

மணிக்கொரு தரம் வெளிநீரை அளங்கள். உள்ளே போகும் செறிவில் 10 சதவீதம் வெளியே வந்தால் அந்தப் படுகையின் வேலை முடிந்தது. இரண்டு குழாய்களை வரிசையாக வைத்தால் முதலாவது நிரம்பும்வரை ஓட்டலாம். அதை மாற்றும்போது இரண்டாவதை முன்னுக்குக் கொண்டுவந்து, புதியதைப் பின்னால் வையுங்கள்.

உண்மையான சாயக் கழிவுநீர்

புட்டியில் 95 சதவீதம் காட்டிய கரி பட்டறை நீரில் 30-க்கு இறங்குவது சாதாரணம். அங்கே சாயம் மட்டுமா இருக்கிறது? கஞ்சி, சோப்பு, எண்ணெய், நார்ப்பிசிறு எல்லாம் துளைகளுக்குப் போட்டியிடும். ரியாக்டிவ் சாயத்தொட்டியில் லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் உப்பும், பி.எச். 11 வாக்கில் ஏற்றச் சோடா ஆஷும் சேர்ப்பார்கள். துணியில் ஏறாமல் நீரோடு வினைபுரிந்து வீணான சாயம் அந்த உப்போடும் காரத்தோடும் வெளியேறுகிறது. அந்தக் காரத்தில் சாதாரண மரக்கரி ரியாக்டிவ் சாயத்தை ஏறக்குறையத் தொடாது. பி.எச். 2, 3-க்கு இறக்கினால் பிடிக்கும், ஆனால் அதற்கு ஊற்றும் அமிலமும் பிறகு சமன்செய்ய ஊற்றும் காரமும் சேர்ந்து உப்பைத்தான் பெருக்கும். சுடும் முன்பே மரத்தூளை மெக்னீசியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்து உலர்த்திச் சுட்டால், கரியின் மேல் மெக்னீசியம் ஆக்சைடு படிந்து, காரநீரிலும் நேர்மின்னேற்றம் நிற்கும். ரியாக்டிவ் சாயத்துக்கு முயல்வதானால் இந்த வழியே உருப்படியானது. சுடும்போது ஹைட்ரஜன் குளோரைடு ஆவி வரும், ஆகவே புகைப்போக்கி உள்ள ஆய்வகத்தில் மட்டும்.

உப்பைக் கரி பிடிக்காது. கண்ணுக்குத் தெளிந்த நீரின் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) முன்பிருந்த அளவிலேயே இருக்கும், மீட்டரை விட்டுப் பாருங்கள். திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றையும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்குப் பங்கு அதிகம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை வலியுறுத்தியதும் இதன் தொடர்ச்சியே. இன்று அங்கே நீரைத் திருப்பி எடுப்பது ஆர்.ஓ. சவ்வும் ஆவியாக்கிகளும். கரிக்கு அந்த வரிசையில் இடமிருக்கிறது என்றால் அது சவ்வுக்கு முன்னால், மிச்ச நிறத்தை எடுக்க. கரியில் தெளிந்த நீரைக் குடிக்கவோ வயலுக்கு விடவோ கூடாது.

பட்டறை நீரைச் சோதிப்பதானால் முதலில் துணியில் வடித்து, படிகாரமோ இரும்பு சல்பேட்டும் சுண்ணாம்புமோ போட்டுத் திரட்டிப் படியவிட்டு, தெளிந்த மேல்நீரைக் கரிக்கு விடுங்கள். கரிக்கு வரும் சுமை நன்றாகக் குறையும்.

நிரம்பிய கரி

வயலில் போடும் பயோசார் வேறு, சாயம் குடித்த பயோசார் வேறு. 'கரிதானே, மண்ணுக்கு நல்லது' என்று செடிக்குப் போட்டுவிடாதீர்கள். பிடித்த சாயத்தின் ஒரு பகுதி எப்போதும் திரும்ப வரும்: 5 கிராம் பயன்படுத்திய கரியை 100 மில்லி நல்ல நீரில் 24 மணி நேரம் வைத்தால் மேல்நீரில் நிறம் தெரிவதைக் காணலாம். உப்புநீரிலும் அமிலத்திலும் இன்னும் அதிகமாக வரும்.

எத்தனாலிலோ நீர்த்த அமிலத்திலோ கழுவினால் கொஞ்சம் மீளும், ஆனால் கழுவிய திரவம் செறிந்த சாயக்கழிவு. தொல்லையை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதுதான். காற்றுப் படாமல் மறுபடி சுட்டால் சாயம் சிதைந்து துளைகள் ஓரளவு திறக்கும். சாயத்தில் கந்தகமும் குளோரினும் நைட்ரஜனும் இருப்பதால் புகை கெட்டது; வீட்டு அடுப்பிலோ செங்கல் அடுப்பிலோ வேண்டாம். மரத்தூள் கரி மலிவு என்பதால் பலமுறை மீட்பதில் லாபமும் பெரிதாக இல்லை.

பயிற்சியில் சேர்ந்த சில நூறு கிராமை உலர்த்தி, மூடியுள்ள புட்டியில் பெயரும் தேதியும் சாயத்தின் பெயரும் ஒட்டி, கல்லூரி ஆய்வகத்தின் வேதிக்கழிவோடு சேருங்கள். பட்டறை அளவில் என்றால் இது 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வரும்; மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற கழிவு மையத்துக்கோ, கழிவை எரிபொருளாக ஏற்கும் சிமென்ட் ஆலைக்கோ அனுப்பவேண்டும். வண்டியில் ஏற்றும் முன் நன்றாக வடித்துக் காயவையுங்கள். ஈரக்கரி தன் எடையைவிட அதிக நீரைச் சுமக்கும். அந்த நீருக்கும் சேர்த்துத்தான் டன் கணக்கில் காசு கேட்பார்கள்.